பிள்ளைகள் கையில் நாலு எல்.இ.டி. கருகட்டும்

அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல் கருவிப் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் குழுவினருக்கு,

இந்தக் கல்வியாண்டில் எங்கள் பள்ளிகளுக்கு வந்த மின்னணுவியல் செயல்பாட்டுப் பெட்டி குறித்து இந்த மடல். பள்ளிக்கு ஒரே ஒரு பெட்டி. திறந்தால் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிய கட்டைகள், ஓரங்களில் காந்தம். பேட்டரிக் கட்டையையும் எல்.இ.டி. கட்டையையும் ஒட்டவைத்தால் விளக்கு எரிகிறது, பிரித்தால் அணைகிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் உறைக்குள் இருக்கிறது, கண்ணில் படாது. திருப்பி மாட்டப் போனால் காந்தம் விலக்கிவிடும். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுக்கவே வழியில்லை. கூடவே வந்த சுற்றறிக்கை மூன்று விஷயம் சொல்கிறது. பெட்டியை நிரந்தர இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சேதமானால் பொறுப்பாசிரியர் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்டினால் போதும்.

அந்தப் பெட்டி இப்போது பீரோவில் இருக்கிறது. தணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பொருளை நாற்பது பிள்ளைகள் கையில் கொடுக்க யாருக்கும் மனம் துணியாது. தப்பித்தவறி வெளியே எடுத்தாலும் மேசைமேல் ஒரு விளக்கு எரிவதைக் கடைசி பெஞ்சுவரை எல்லாரும் பார்த்துவிட்டு நோட்டில் படம் வரைந்துகொள்வார்கள். அத்தோடு பாடம் முடிந்தது. இதை மின்னணுவியல் கற்பித்தல் என்று எங்களால் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

எல்.இ.டி. சுற்றைப் பிள்ளைகளே கட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்பதற்குக் காரணம், அது எரியாமல் போகும் வழிகளில்தான் பாடமே இருக்கிறது. காந்தக் கட்டை அந்த வழிகள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது.

முதல் பாடவேளைக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். இரண்டு பென்டார்ச் செல், ஒரு 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்.இ.டி., ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், கொஞ்சம் வயர். பாகங்களைச் செருகிச் சுற்றுக் கட்டும் துளைப்பலகையான பிரெட்போர்டுகூட வேண்டாம், கையால் முறுக்கினால் போதும். பாதிப் பேருக்கு எரியாது, ஏனென்றால் கால் மாறியிருக்கும். நீளமான கால் பிளஸ். விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கத்துக் கால் மைனஸ். கால் வெட்டப்பட்ட பழைய எல்.இ.டி.யாக இருந்தால் தட்டை விளிம்பை விரல் நகத்தால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மின்சாரம் ஒரு திசையில் மட்டும் போகும் பொருள் ஒன்று உண்டு என்பதை 7-ஆம் வகுப்புப் பிள்ளை அந்த இடத்தில், தன் கையாலேயே தெரிந்துகொள்கிறது. டார்ச் பல்பை எப்படி மாட்டினாலும் எரியும், இது எரியாது. டையோடு என்ற சொல்லை அதற்கப்புறம் சொல்லிக்கொடுத்தால் சொல்லுக்கு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் இருக்கும்.

அடுத்து 9 வோல்ட் பேட்டரி. ரெசிஸ்டர் எதற்கு என்ற கேள்வி இங்கேதான் உயிர்பெறும். சிவப்பு எல்.இ.டி. தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரின்மேல் விழ வேண்டும். 15 மில்லி ஆம்பியர் போதும் என்று வைத்தால் 7-ஐ 0.015-ஆல் வகுக்க 467 வருகிறது; கடையில் கிடைப்பது 470 ஓம். இந்தக் கணக்கை 8-ஆம் வகுப்புப் பிள்ளை போடும். போட்டதைக் கட்டிப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று மாற்றி மாட்டச் சொல்லுங்கள். 10 கிலோ ஓமில் 0.7 மில்லி ஆம்பியர்தான் ஓடும், ஆனாலும் கைக்குள் பொத்திப் பார்த்தால் எரிவது தெரியும். பிள்ளைகள் இதை நம்பாமல் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். உங்கள் பெட்டியில் ரெசிஸ்டரை மாற்ற முடியாது.

ரெசிஸ்டரே இல்லாமல் 9 வோல்ட்டில் நேரடியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? அதையும் ஒருமுறை காட்டத்தான் வேண்டும். மூடியுள்ள ஒளிபுகும் டப்பாவுக்குள் எல்.இ.டி.யை வைத்து, வயரை மட்டும் வெளியே விட்டு, ஆசிரியர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும், ஏனென்றால் எல்.இ.டி.யின் மேல் மூடி சில சமயம் தெறிக்கும். சிவப்பு ஒரு கணம் ஆரஞ்சாகிப் பளிச்சிட்டு, கருகிய வாடை விட்டு, அணைந்துவிடும். ஏன்? சிவப்பு எல்.இ.டி.யில் 1.6 வோல்ட்வரை பெயருக்குத்தான் மின்னோட்டம். 2 வோல்ட்டை ஒட்டி அது 20 மில்லி ஆம்பியர் ஆகிறது. அதற்குமேல் வோல்ட்டேஜ் இம்மி உயர்ந்தாலும் மின்னோட்டம் பாய்ந்து ஏறுகிறது. கட்டுப்படுத்த ரெசிஸ்டர் இல்லையென்றால் சூடாகிச் சாக வேண்டியதுதான். 10-ஆம் வகுப்பு அறிவியல் நூலின் மின்னோட்டவியல் பாடத்தில் வோல்ட்டேஜ் ஏறும் அதே விகிதத்தில் மின்னோட்டமும் ஏறும் என்ற ஓம் விதியும் இருக்கிறது, எல்.இ.டி. பல்பும் இருக்கிறது. ஓம் விதிக்குக் கட்டுப்படாத பொருள் ஒன்றையும் கட்டுப்படும் பொருள் ஒன்றையும் தொடரில் மாட்டிப் பார்த்தால்தான் இரண்டும் ஒரே பாடத்தில் இருப்பதன் பொருள் விளங்கும். ஒரு எல்.இ.டி.யின் சில்லறை விலை ஒன்றிரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாய்க்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லாதீர்கள் என்பதுதான் எங்கள் முதன்மையான குறை.

பிரெட்போர்டு வந்ததும் தவறுகளின் தரம் கூடும். நடுப்பள்ளத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள ஐந்தைந்து துளைகள் உள்ளுக்குள் இணைந்தவை. இது தெரியாத பிள்ளை எல்.இ.டி.யின் இரண்டு காலையும் ஒரே ஐந்துக்குள் செருகும். விளக்கு எரியாது, ஆனால் எதுவும் கெடாது, மின்சாரம் எல்.இ.டி.யைச் சுற்றிப் போய்விடுகிறது. அதே தவறை ரெசிஸ்டரில் செய்தால் கதை வேறு. ரெசிஸ்டரின் இரண்டு காலும் ஒரே வரிசையில் இருந்தால் ரெசிஸ்டர் இல்லாதது மாதிரி, எல்.இ.டி. போய்விடும். ஒரே தவறு, இரண்டு விளைவு. இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்த பிள்ளைக்கு ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பொருள் ஷார்ட் ஆகிறது என்பதுதான் கேள்வி என்று அதுவே சொல்லும்.

இன்னும் உண்டு. நீளமான 830 துளைப் பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்துப் பிளஸ், மைனஸ் பட்டைகள் பாதியிலேயே அறுந்திருக்கும். பட்டையோரம் அச்சிட்ட கோடு தொடர்ந்தால் இணைப்பும் தொடரும், கோடு விட்டிருந்தால் இணைப்பும் விட்டிருக்கும். நாலு கால் புஷ் பட்டனில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே சேர்ந்தவை. கால் பக்கம் மாற்றிச் செருகினால் அழுத்தாமலே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பல இழை வயர் துளைக்குள் இறங்காது, மடங்கும், ஓர் இழை பிரிந்து பக்கத்து வரிசையில் தொடும். 22 கேஜ் ஒற்றைக்கம்பி வயர்தான் வேண்டும். மலிவான 9 வோல்ட் பேட்டரி சும்மா வைத்து அளந்தால் 9 காட்டும், சுமை கொடுத்ததும் கீழே இறங்கிவிடும். பிள்ளை சுற்றைக் குறைசொல்லும், குற்றம் பேட்டரியில். எரியும்போது அளக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்துதான் வரும்.

ரெசிஸ்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறோம். நீல நிறத்து ஐந்து பட்டை ரெசிஸ்டர்கள் துல்லியமானவைதான், ஆனால் வகுப்பறை வெளிச்சத்தில் பிள்ளைகளால் நிறம் பிரிக்க முடியாது. மணல் நிறத்து நாலு பட்டைக் கார்பன் ரெசிஸ்டர் வாங்குங்கள், 1/4 வாட், 5 சதவீதப் பிழைவரம்பு. அதிலும் 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, பழுப்பு, 4.7 கிலோ ஓமுக்கு மஞ்சள், ஊதா, சிவப்பு. மூன்றாவது பட்டையைத் தவறாகப் படித்தால் விளக்கு மங்கும், அவ்வளவுதான். மங்கிய விளக்கைப் பார்த்து மதிப்பைச் சரிபார்க்கப் போவது நல்ல பயிற்சி.

நிறங்களைக் கலப்பதுதான் எங்கள் அனுபவத்தில் பிள்ளைகளை ஆழமாக யோசிக்கவைக்கும் சோதனை. ஒரே ரெசிஸ்டருக்குக் கீழே ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் பக்க இணைப்பில் மாட்டச் சொல்லுங்கள். சிவப்பு மட்டும் எரியும். நீலம் கெட்டுவிட்டது என்பார்கள். சிவப்பைப் பிடுங்கினால் நீலம் எரியும். சிவப்பு 2 வோல்ட்டிலேயே கதவைத் திறந்து மொத்த மின்னோட்டத்தையும் விட்டுவிடுகிறது. நீலத்துக்கு வேண்டிய 3 வோல்ட் வரவே வராது. ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் எதற்கு என்பது அந்த நிமிடமே தெரிந்துபோகும். நீலத்துக்கு ஏன் 3 வோல்ட் என்று கேட்கும் பிள்ளைக்கு 12-ஆம் வகுப்புக் குறைக்கடத்திப் பாடத்தின் வாசல் திறந்துவிட்டது என்று பொருள். நீல ஒளித்துகளுக்கு ஆற்றல் அதிகம்; அதைத் தரும் பொருளுக்கு ஆற்றல் இடைவெளியும் அதிகம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு 1990-கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்புக்குள் இருப்பதும் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசிய அந்த நீலம்தான்.

மேல்நிலை வகுப்புக்கும் இதே பொருள்கள் போதும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் நான்கையும் திருகி மின்தடையை மாற்றும் ஒரு 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் கொண்டு மெல்ல ஏற்றி, கறுப்புத்தாள் குழல் வழியே பார்த்து, எந்த வோல்ட்டேஜில் கண் திறக்கிறது என்று குறிக்க வேண்டும். அதை அலைநீளத்தோடும் எலக்ட்ரான் மின்னூட்டத்தோடும் பெருக்கி, ஒளியின் வேகத்தால் வகுத்தால், ஒளித்துகளின் ஆற்றலைக் கணக்கிட உதவும் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலி வரும், பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே. சிவப்பு 640 நானோமீட்டர், 1.8 வோல்ட் என்றால் 6.1 × 10⁻³⁴ வருகிறது. உண்மை மதிப்பு 6.63 × 10⁻³⁴. ஐந்தாறு ரூபாய்க்கு வாங்கிய நாலு எல்.இ.டி.யில் இந்த எண்ணைத் தொட்டுவிட முடிகிறது.

9, 10-ஆம் வகுப்புக்கு நாங்கள் விரும்புவது இருட்டினால் எரியும் விளக்கு. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பிசி 547 டிரான்சிஸ்டர், வெளிச்சம் குறையக் குறைய மின்தடை கூடும் ஒரு எல்.டி.ஆர்., 100 கிலோ ஓம், 470 ஓம், எல்.இ.டி. டிரான்சிஸ்டரின் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளஸ்ஸிலிருந்து 100 கிலோ ஓம் பேஸுக்கு, பேஸிலிருந்து எல்.டி.ஆர். மைனஸுக்கு, எமிட்டர் மைனஸுக்கு. 470 ஓமும் எல்.இ.டி.யும் பிளஸ்ஸிலிருந்து கலெக்டருக்கு. வகுப்பில் கட்டியதும் பலருக்குப் பட்டப்பகலிலேயே எரியும். காரணம், அறைக்குள் எல்.டி.ஆர். 10 கிலோ ஓம்வரை போகிறது, பேஸுக்கு 0.8 வோல்ட் கிடைத்துவிடுகிறது, டிரான்சிஸ்டருக்கு 0.6 இருந்தாலே போதும். ஜன்னலோரம் கொண்டுபோனால் அணையும். 100-க்குப் பதில் 220 கிலோ ஓம் போட்டால் அறையிலும் அணைந்திருக்கும், ஆனால் இருட்டில் வெளிச்சம் குறையும். எது வேண்டும் என்று பிள்ளைகள் பேசி முடிவு செய்யட்டும். கலெக்டரும் எமிட்டரும் மாறிப்போனால் முழுக்க அணையாமல், மிக மங்கலாக எரிந்து குழப்பும். எல்.இ.டி.யின் வெளிச்சம் எல்.டி.ஆர். மேலேயே விழுந்தால் அரைகுறையாக நின்றுவிடும். இரண்டையும் தள்ளி வைக்க வேண்டும். தெருவிளக்கு சென்சாரை விளக்கின் வெளிச்சம் படாத பக்கம் வைப்பது ஏன் என்று கேட்டால் பதில் தானாக வரும்.

பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் 9 வோல்ட்டில் கட்டும் சுற்று யாரையும் ஷாக் அடிக்காது. உண்மையான ஆபத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன, உங்கள் சுற்றறிக்கை அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. காசு வடிவ லித்தியம் செல்லைச் சிறு குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயில் கடும் புண் வரலாம். தொடக்கப் பள்ளிக்கு அதை அனுப்பவே கூடாது. ரெசிஸ்டர் காலை வெட்டும்போது துணுக்கு கண்ணுக்குத் தெறிக்கும், ஆகவே வெட்டும் முனையை விரலால் பிடித்துக்கொள்ளப் பழக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியை வயர் துண்டுகளோடு பையில் போட்டால் ஷார்ட் ஆகிச் சூடேறும், முனையில் டேப் ஒட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டுக்குப் போய் 230 வோல்ட் பிளக்கில் எல்.இ.டி.யைச் செருகிப் பார்க்கும் ஆசை சில பிள்ளைகளுக்கு வரும். முதல் நாளே, ஒவ்வொரு வகுப்பிலும், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை அது. 230 வோல்ட் கைக்கு வந்துவிடக் கூடாது என்ற இதே காரணத்துக்காக மலிவான அடாப்டர்களையும் நாங்கள் வேண்டாம் என்கிறோம்.

செலவும் தடையில்லை. நாலு பிள்ளைகளுக்கு ஒரு செட் என்று வைத்தால் 400 துளைப் பிரெட்போர்டு, பல நிறத்தில் ஒரு டஜன் எல்.இ.டி., இருபது ரெசிஸ்டர், இரண்டு பட்டன், இரண்டு டிரான்சிஸ்டர், எல்.டி.ஆர்., பேட்டரி, கிளிப், வயர் எல்லாம் சேர்த்துச் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிட்சி தெருவின் சில்லறை விலையிலேயே இருநூறு ரூபாயைச் சுற்றித்தான் வரும். மொத்தக் கொள்முதலில் இன்னும் குறையும். நாற்பது பேர் வகுப்புக்குப் பத்து செட். அடுத்த ஆண்டு மறுபடி வாங்க வேண்டியவை பெரும்பாலும் எல்.இ.டி.யும் பேட்டரியும்தான்.

2022 நவம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் என்ற பள்ளி அறிவியல் திட்டம் 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் எளிய பொருள்களைக் கொண்டு தாங்களே செய்து பார்க்க வேண்டும் என்கிறது. அந்த நோக்கத்தோடு உங்கள் பெட்டியை எப்படிப் பொருத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

"ஆசிரியர் செய்துகாட்டினால் போதும்" என்ற வரியைச் சுற்றறிக்கையிலிருந்து நீக்கி, நாலு பேருக்கு ஒரு செட் என்று எழுதுங்கள். எல்.இ.டி., ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், பேட்டரி, வயர் ஆகியவற்றை நுகர்பொருளாக அறிவியுங்கள். கருகியதற்கும் தீர்ந்ததற்கும் விளக்கம் கேட்கக் கூடாது, ஆண்டுதோறும் மறுநிரப்புக்குப் பள்ளிக்கே சிறு தொகை ஒதுக்க வேண்டும். அதுவரை, இப்போதைய பெட்டியையாவது பதிவேட்டுப் பயமில்லாமல் பிள்ளைகள் தொட அனுமதியுங்கள்.

அடுத்த கொள்முதலில் மூடிய கட்டைகளுக்குப் பதில் உதிரிப் பொருள்களைக் கேளுங்கள். ரெசிஸ்டர்களை மதிப்பு வாரியாகப் பையில் போட்டு, மேலே எண்ணையும் நிறப்பட்டையையும் அச்சிடச் சொல்லுங்கள்: 100, 220, 470 ஓம், 1, 4.7, 10, 100, 220 கிலோ ஓம். எல்.இ.டி. பையின்மேல் நிறமும் வோல்ட்டேஜும் அலைநீளமும் இருக்க வேண்டும்.

பள்ளிக்கு ஐந்து டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாற்று ஃபியூஸ் அனுப்புங்கள். மின்னோட்டம் அளக்கும் நிலையில் வைத்துக்கொண்டு பேட்டரியின் இரு முனையையும் தொட்டால் ஃபியூஸ் போய்விடும், முதல் வாரத்திலேயே போகும். 10 ஆம்பியர் துளை பலவற்றில் ஃபியூஸே இல்லை, அதை டேப் ஒட்டி மூடி அனுப்புங்கள். ரெசிஸ்டரின்மேல் விழும் வோல்ட்டேஜை அளந்து 470-ஆல் வகுத்தாலே மின்னோட்டம் வந்துவிடும் என்பதைக் கையேட்டில் சேருங்கள். டையோடு நிலையில் வைத்து அளக்கும்போது சிவப்புக்கு 1700-ஐ ஒட்டி எண் வரும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் பல மீட்டர்களில் எண்ணே வராது, அதனால் அவை கெட்டவை ஆகா என்பதையும் சேருங்கள். இது தெரியாமல் நல்ல எல்.இ.டி.கள் குப்பைக்குப் போகின்றன.

ஆசிரியர் பயிற்சியை இரண்டு நாளாவது நேரில் நடத்துங்கள். ஒளிப்படக்காட்சி வேண்டாம். வேண்டுமென்றே தவறாகக் கட்டிய சுற்றுகளை ஆசிரியர்கள் முன் வைத்து, மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, எங்கே பிழை என்று தேடச் சொல்லுங்கள். எரியாத சுற்றைக் கண்டு பயப்படாத ஆசிரியர்தான் பிள்ளைகளிடம் அதைக் கொடுப்பார்.

அடுத்த டெண்டருக்கான விவரக்குறிப்பை இறுதி செய்வதற்கு முன், நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியர்கள் சிலரை அழைத்து அதன் வரைவைக் காட்டுங்கள். எழுத்துமூலம் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் சிலர்